மவுண்ட் கிரேஸ் மடம்: கோபுரத்தை அப்புறம் பாருங்கள்

இங்கிலாந்தில் இடிந்த மடம் ஒன்றைப் பார்க்கப் போனால் எல்லோரும் நேராகத் தேவாலயத்துக்குத்தான் போவார்கள். ஃபவுண்டன்ஸ் போன்ற பெரிய மடங்களுக்கு அது சரி. வடக்கு யார்க்‌ஷயரில் ஏ19 சாலையை ஒட்டியுள்ள மவுண்ட் கிரேஸ் பிரியரியில் (பிரியரி என்றால் ஒரு வகை மடம்) அதே போல் செய்தால், கோபுரத்தின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிடுவீர்கள். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் நான் கூட்டிப்போகும் இடம் இது. எங்கள் சுற்றில் தேவாலயம் எப்போதும் கடைசிதான்.

காரணம் இருக்கிறது. இங்கே இருந்தவர்கள் கார்த்தூசியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள். மற்ற சபைகளில் உண்பதும் உறங்குவதும் கூட்டமாக நடக்கும். இவர்கள் ஆளுக்கொரு வீட்டில் தனியாக, பெரும்பாலும் மௌனமாக வாழ்ந்தவர்கள். இரவு வழிபாடு, மாலை வழிபாடு என்று சிலவற்றுக்கு மட்டும் தேவாலயத்துக்கு வருவார்கள். சேர்ந்து சாப்பிடுவது ஞாயிறும் பண்டிகை நாளும்தான். ஆகவே இந்த மடத்தின் கதை வீடுகளில்தான் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் பெரிய முற்றத்தைத் தாண்டி எட்டாம் எண் வீட்டுக்குப் போங்கள். 1898-இல் இந்த இடத்தை வாங்கிய இரும்பு ஆலை அதிபர் லோதியன் பெல், இந்த ஒரு வீட்டை மட்டும் பழைய மாதிரியே திரும்பக் கட்டினார். கதவைத் திறக்க அவசரப்படாதீர்கள். பக்கத்துச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். அதற்குள் பார்த்தால் மறுபக்கம் தெரியாது, வழி நடுவில் மடங்கிப் போகும். சாப்பாடு கொண்டு வருபவர் இந்தப் பக்கம் வைப்பார், துறவி அந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மாமிசமும் கிடையாது. இந்த மடத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் இந்தத் திறப்பு சொல்லும் அளவுக்குச் சொல்லாது என்பது என் எண்ணம்.

சரி, உள்ளே வாருங்கள். கீழே கணப்பு உள்ள அறை, படிக்க ஓர் இடம், படுக்கையும் ஜெப இடமும். மாடியில் வேலை செய்யும் அறை. பின்னால் மதில் சூழ்ந்த சொந்தத் தோட்டம். தோட்டத்தின் கோடிவரை கட்டாயம் நடங்கள், அங்கேதான் கழிப்பிடம். மலைச்சரிவு ஊற்றுகளிலிருந்து குழாயில் நல்ல தண்ணீர் வீட்டுக்கு வந்தது, கழிவு அடியில் ஓடும் சாக்கடையில் போனது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு கழிப்பிடம்! ஏழ்மை விரதம் எடுத்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

வெளியே வந்தால் மற்ற வீடுகளின் அடித்தளமும் வாசல்களும் முற்றத்தைச் சுற்றி நிற்கும். இவற்றுக்குள் சும்மா இருக்கவில்லை அவர்கள். நிறையப் புத்தகங்கள் இங்கே படிக்கப்பட்டன, பிரதி எடுக்கப்பட்டன. ஊர் ஊராக யாத்திரை போய், வாய் ஓயாமல் பேசி, சத்தமாக அழுத மார்ஜரி கெம்ப் என்ற பெண்மணியின் வாழ்க்கைக் கதைக்கு மிஞ்சிய ஒரே முழுக் கையெழுத்துப் பிரதி இந்த மௌன மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது 1934-இல்.

இப்போது தேவாலயத்துக்குப் போகலாம். ஏன் இத்தனை சிறியது என்று இனிக் கேட்க மாட்டீர்கள். 1398-இல் மடத்தைத் தொடங்கியவர் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் உறவினரான சர்ரே பிரபு தாமஸ் ஹாலண்டு. மறு வருஷமே மன்னர் பதவி இழந்தார். 1400-இல் கலகம் செய்த ஹாலண்டுக்கு சைரன்செஸ்டரில் தலை போயிற்று. புரவலர் இல்லாமல் தள்ளாடிய மடத்தை எக்ஸிட்டர் பிரபு தாமஸ் போஃபோர்ட் கைகொடுத்துத் தூக்கினார். பிறகு துறவிகளுக்குப் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று பணக்காரர்கள் வரவே, தேவாலயத்தின் பக்கங்களில் சிறு ஆலயங்கள் ஒட்டிக்கொண்டன. சுவரில் கல் மாறும் இடங்களைத் தேடினால் ஒட்டுவேலை புலப்படும்.

1535-இல் மன்னர் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த லண்டன் கார்த்தூசியன் மடத்தின் தலைவர் (பிரியர்) ஜான் ஹௌட்டனை டைபர்ன் தூக்குமேடையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு மற்ற மடங்களில் எதிர்ப்பு என்னவாகும்? மடங்களை மூடிவந்த மன்னரிடம் மவுண்ட் கிரேஸ் 1539 டிசம்பரில் சரணடைந்தது. கடைசிப் பிரியர் ஜான் வில்சனுக்கு ஓய்வூதியம் கிடைத்தது, கூடவே மேலே மலையில் உள்ள மாதா ஆலயமும். பிறகு 1654-இல் தாமஸ் லாசெல்ஸ் விருந்தினர் கட்டடத்தையே தன் மாளிகையாக்கிக்கொண்டார். பெல் அதைப் பெரிதாக்கினார். முற்றத்துக்கு வருமுன் நீங்கள் நுழைந்து வந்த கட்டடம் அதுதான்.

கால் வலிக்கவில்லை என்றால் அந்த மாதா ஆலயத்துக்கும் காட்டு வழியாக ஏறலாம். செங்குத்தான பாதை, மழை பெய்திருந்தால் வழுக்கும், நல்ல ஷூ போட்டு வாருங்கள். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.