மழைக்குப் பயந்து கேமரா வாங்காதீர்கள்

"அண்ணே, பழைய நிக்கான் டி700 ஒன்னு லென்ஸோட வருது. கிட்டத்தட்ட அதே காசுக்குத் தண்ணி போகாத ஒலிம்பஸ் டிஜி-6 ஒன்னும் வருது. நம்ம ஊர்ல எப்பவும் மழைதானே, சின்னதையே வாங்கிடட்டுமா?"

கூடலூரிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார். குன்னூரில் இருந்துகொண்டு பல வருடமாகப் படம் எடுக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கோத்தகிரியிலிருந்து வரும், கொடைக்கானலில் இருக்கும் உறவுக்காரர்களிடமிருந்தும் வரும். கேமராவின் பெயர் மாறும், மழை பற்றிய பயம் மட்டும் மாறாது.

பயப்பட வேண்டிய மழைதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனாலும் அந்த மழையை மட்டும் மனதில் வைத்து கேமராவைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. மழை பெய்தால் நமக்குத் தெரிகிறது. குடை பிடிப்போம், கேமராவை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொள்வோம், டீக்கடையில் ஒதுங்குவோம். மலையில் கேமராக்களையும் லென்ஸ்களையும் உண்மையில் தின்பது வீட்டுக்குள் நிற்கும் ஈரம். பீரோவில் மாதக்கணக்கில் கிடக்கும்போது சத்தமில்லாமல் நடக்கிற வேலை அது.

எனக்கே நடந்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. அந்த மூன்று மாதமும் நல்ல 80-200 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றைத் தோல் உறையில் போட்டு மரப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தேன். பத்திரமான இடம் என்று நினைத்தேன். ஜனவரியில் தலைக்குந்தாவில் உறைபனி விழுகிறது என்று கேள்விப்பட்டு விடியற்காலையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். புல்வெளி முழுவதும் வெள்ளையாகப் பனி, அதன் மேல் முதல் வெயில். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்த்தேன். உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து படர்ந்திருந்தன. பூஞ்சை. சுத்தம் செய்யக் கொடுத்தேன். இழைகள் போய்விட்டன. ஆனால் அவை கண்ணாடியின் மேல்பூச்சில் அரித்த தடம் போகவில்லை. வெயிலுக்கு எதிராக வைத்தால் அந்த லென்ஸ் இன்றைக்கும் மங்குகிறது.

காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அது போதும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் 80க்குக் கீழே இறங்குவதே அரிது. லென்ஸுக்கு ஏற்றது 40 முதல் 50 வரை. இதற்கென்றே மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டிகள் விற்கிறார்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் பெரிய டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே கையடக்கமான ஈரப்பதமானி ஒன்று, இவ்வளவு போதும். நீல ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பி வரும். அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, அது விஷம். தோல் உறை, துணிப்பை எல்லாம் வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருளுக்குள் லென்ஸைத் தூங்க வைக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுபவர்களும் இருக்கிறார்கள். அரிசித் தூசி லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம்.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, கேமராவை எங்கே வைப்பீர்கள் என்பதுதான். அந்த டப்பாவைப் பராமரிக்க மனம் இல்லையென்றால் டி700 மாதிரி லென்ஸ் கழற்றி மாட்டும் டிஎஸ்எல்ஆர் வேண்டாம். அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

சரி, அடுத்த தவறு. "அது ப்ரொஃபெஷனல் பாடி, மழையில் நனையலாம்" என்ற நம்பிக்கை. டி700 மெக்னீசியம் உலோக உடம்பு, மூட்டுகளில் ரப்பர் அடைப்பு உண்டு. உண்மைதான். ஆனால் அது தூறலைச் சமாளிப்பதற்கு. இவ்வளவு ஆழம் தாங்கும், இவ்வளவு நேரம் தாங்கும் என்று எந்த அளவீடும் அதற்குக் கிடையாது. அதோடு பாடி மட்டும் அடைப்போடு இருந்தால் ஆகாது. லென்ஸ் பொருந்தும் இடத்திலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். பலர் இதோடு மாட்டி வைத்திருக்கும் பழைய 50 மி.மீ. லென்ஸில் அது இல்லை. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு முறை நீட்டும்போதும் வெளியே இருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் வயதையும் பாருங்கள். டி700 வந்தது 2008இல். அன்றைக்கு வைத்த ரப்பர் இன்றைக்கு எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த அடைப்பை ஒரு கூடுதல் பாதுகாப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மழையுறை ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். கடைசி நேரத்தில் கடையில் பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம் என்றால் நீலகிரியில் அது நடக்காது. இங்கே தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு சின்ன கேமராவில் நடக்கிறது. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அதை என்றைக்கும் மாறாத உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீரைத் தடுப்பது பேட்டரிக் கதவையும் கேபிள் செருகும் கதவையும் சுற்றி ஓடும் மெல்லிய வாஷர்தான். ஒரு முறை ஓடையில் முக்குவதற்கு முன் கதவைத் திறந்து பார்த்தேன். கறுப்பு வாஷரின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி இழை கிடந்தது, என் ஸ்வெட்டரிலிருந்து உதிர்ந்தது. முடியைவிட மெலிசு. அது அங்கே இருந்தபடியே மூடியிருந்தால் வாஷருக்கும் விளிம்புக்கும் நடுவே தண்ணீருக்கு வழி கிடைத்திருக்கும். ஆண்டு முழுக்கக் கம்பளி போடுகிற ஊரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மூடுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் வாஷரை ஒரு சுற்றுப் பாருங்கள், இழை உதிராத துணியால் துடையுங்கள். வாஷருக்கு ஆயுளும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். ஆகவே இந்த வகை கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கினால், வாஷர் மாற்றும் வரை அதைத் தண்ணீர் புகும் கேமராவாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

மேகம் இறங்கி நிற்கும்போது அந்தக் கதவைத் திறப்பதும் தவறு. தொட்டபெட்டா உச்சியில் நின்று பேட்டரி மாற்றினால் அந்த ஈரக் காற்று உள்ளே போய், கதவை மூடியதும் அங்கேயே சிறைப்பட்டுவிடும். குளிர் கூடியதும் லென்ஸ் கண்ணாடியின் உட்பக்கம் வியர்க்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வீட்டில் உலர்ந்த அறையில் சார்ஜ் செய்து, கார்டு போட்டு, மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

படத்தின் தரத்துக்கு வருவோம். டி700இலும் 12 மெகாபிக்சல், டிஜி-6இலும் 12 மெகாபிக்சல். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சார் முதலாவதில் 36க்கு 24 மி.மீ. இரண்டாவதினுடையது ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ. பரப்பளவில் முப்பது மடங்கு வித்தியாசம். வெயிலில் சிம்ஸ் பூங்காவில் பூ எடுத்தால் இந்த வித்தியாசம் போன் திரையில் தெரியாது. சோலைக்குள் நுழைந்தால் தெரியும். காலை எட்டு மணி, மேலே மரங்கள் பின்னிக் கிடக்கின்றன, அடிமரம் எல்லாம் பாசி, பனிமூட்டம் வேறு. டி700இல் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 3200 வரை தயங்காமல் கூட்டலாம். கொஞ்சம் மணல் தூவிய மாதிரி இருக்குமே தவிர பாசி பாசியாகத்தான் இருக்கும். சின்ன கேமராவில் ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டியதும் இலைகளின் நரம்பு கரைந்து, ஈரத் தூரிகையால் இழுத்த பச்சை மாதிரி ஆகிவிடும். ஜூமை முழுதாக நீட்டினால் வெளிச்சம் நுழையும் துளையும் எஃப் 4.9 ஆகச் சுருங்கிவிடுகிறது, வெளிச்சம் இன்னும் குறையும்.

ஆனால் இதே சின்ன சென்சார் ஒரு இடத்தில் பெரிய கேமராவைத் தோற்கடிக்கும். டிஜி-6 கண்ணாடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் எடுக்கும். ஏலக்காய் இலையில் உட்கார்ந்திருக்கும் நகக்கண் அளவுத் தவளை, பாசிக்கு நடுவே தலைகாட்டும் ஆர்க்கிட், புல்வெளிச் சேற்றில் பசைத்துளியோடு நிற்கும் பனித்துளிச் செடி, எல்லாவற்றையும் மழையில் குப்புறப் படுத்துக்கொண்டே எடுக்கலாம். சென்சார் சின்னது என்பதால் தவளையின் மூக்கும் கண்ணும் முதுகும் ஒரே படத்தில் தெளிவாக விழும். டி700இல் இதைச் செய்ய, மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும், ஃபிளாஷ் வேண்டும், இரண்டையும் நனையாமல் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். நீலகிரியின் அழகு பாதி முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். அதை எடுக்க ஆசைப்படுபவருக்குச் சின்ன கேமராவை நான் தயங்காமல் சொல்வேன்.

பறவைகளுக்கு இரண்டுமே உதவாது, டி700க்குப் பெரிய லென்ஸ் வாங்கும் வரை. சின்ன கேமராவின் ஜூம் 100 மி.மீ. கணக்கோடு நின்றுவிடும். ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் நீலகிரிச் சிரிப்பான் படத்தில் கடலை அளவுதான் வரும். முக்கூர்த்திப் பாறையில் நிற்கும் வரையாடு புள்ளியாகிவிடும். டி700இலும் குறைந்தது 300 மி.மீ. வேண்டும். பாடிக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் லென்ஸ் விலையைப் பார்த்து உறைந்துபோனவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். எடையும் சேர்கிறது. டி700 பாடி மட்டுமே ஒரு கிலோ, டிஜி-6 கால் கிலோதான்.

கையில் இருக்கும் போனை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதும் தவறு. இப்போதைய போன்கள் பலவும் தண்ணீர் தாங்கும், பகலில் நல்ல படமே தரும். குடும்பத்தோடு கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று எடுக்க வேறெதுவும் தேவையில்லை. மழைத்துளி விழுந்தால் போனின் தொடுதிரை சொன்னபடி கேட்காது, பொத்தான் வைத்த சின்ன கேமரா கேட்கும். அந்த வித்தியாசத்துக்கும் மேக்ரோவுக்கும் மட்டும் இவ்வளவு பணம் தரலாமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். வீடியோதான் முக்கியம் என்றால் டி700 பக்கமே போகாதீர்கள், அதில் வீடியோவே கிடையாது.

பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறவர்கள் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். நல்லது. டி700இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் ஒரு படத்தை எடுத்துக் கணினியில் பார்த்தால் எண்ணிக்கை அதிலேயே பதிவாகியிருக்கும். ஆனால் மலையில் இருந்த கேமராவுக்கு அந்த எண்ணைவிட முக்கியமானது மூக்கும் டார்ச்சும். பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பழைய கம்பளி வாடை வந்தால் உள்ளே ஈரம் குடியிருந்திருக்கிறது. லென்ஸில் இரண்டு பக்கமும் டார்ச் அடியுங்கள். கைப்பிடி ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டு போடும் குழிக்குள் பார்த்து, ஊசிகளில் ஒன்றுகூட வளையவில்லை என்று உறுதி செய்யுங்கள். அந்தக் கார்டும் கார்டு ரீடரும் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, விற்பவரிடமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் இது ஒன்று: குளிரிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் வெக்கைக்குப் போனதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும். குன்னூரிலேயே பையை இறுக்கி மூடி, கீழே போய் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

கூடலூர்த் தம்பியிடம் என்ன எடுக்க ஆசை என்று கேட்டேன். "ராத்திரி மழையில தவளை கத்துதுண்ணே, அதைத்தான்" என்றார். டி700 லென்ஸில் டார்ச் அடித்துப் படம் அனுப்பச் சொன்னேன். மறுநாள் வாட்ஸாப்பில் வந்தது. ஓரத்தில் அதே வெள்ளை இழைகள், கிளை கிளையாக. சின்னதை வாங்கச் சொன்னேன். ஜூன் பிறப்பதற்குள் வாஷரை மாற்றிவிடவும், பேட்டரிக் கதவை வீட்டிலேயே துடைத்து மூடிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பவும் சொல்லியிருக்கிறேன்.