பூச்செடிக்கு நடுவே புல் மருந்து: எங்கே தவறுகிறோம்?

மல்லிகைப் புதருக்குள் அருகம்புல் புகுந்துவிட்டால் கையால் பிடுங்கி மாளாது. இழுத்தால் கணுவோடு அறுந்து வரும், மண்ணுக்குள் ஓடுகிற தண்டு அப்படியே இருக்கும். மண்வெட்டியால் கொத்தினாலோ இன்னும் மோசம். துண்டான கணு ஒவ்வொன்றும் தனிச் செடியாகத் துளிர்க்கும். இந்த இடத்தில்தான் பூச்செடியை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கொல்லும் மருந்து கைகொடுக்கிறது. நம் கடைகளில் கிடைப்பவற்றில் குயிசலோபாப் எத்தில் 5 ஈ.சி. (தண்ணீரில் கலந்து அடிக்கும் 5 சதவீத திரவ மருந்து) பலருக்குத் தெரிந்த ஒன்று. பெனாக்சாபிராப், புரோபாகுயிசாபாப் ஆகியவையும் இதே போல வேலை செய்பவை.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. "புல் மருந்து குடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தரலாம். வயலில் களை என்றாலே புல் என்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. எனக்கு ஒருமுறை அப்படித்தான் 2,4-டி கையில் வந்தது. வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அது நேர் எதிரான மருந்து. அகன்ற இலைச் செடியைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். அடித்திருந்தால் செம்பருத்தியும் ரோஜாவும் போயிருக்கும், அருகு மட்டும் செழித்திருக்கும். கிளைபோசேட் இன்னொரு வகை. பச்சையாக எது இருந்தாலும் கொல்லும். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அதனால் மருந்தின் வேதிப்பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது, என் பார்வையில் இருப்பதிலேயே பெரிய தவறு: கோரையைப் புல் என்று நினைத்து அடிப்பது. எவ்வளவு பேர் இரண்டு முறை, மூன்று முறை அடித்துவிட்டு "மருந்து போலி" என்று முடிவுகட்டுகிறார்கள்! மருந்தில் குறை இல்லை. புல்லின் உடம்பில் கொழுப்பு அமிலம் உண்டாக்கும் நொதி ஒன்று உண்டு. குயிசலோபாப் போன்ற மருந்து அதில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். கொழுப்பு இல்லாமல் புதிய செல்லுக்குச் சவ்வு உருவாகாது, குருத்து வளராது. அகன்ற இலைச் செடிகளில் அந்த நொதியின் அமைப்பே வேறு, அதனால் மருந்து ஒட்டாது. கோரையிடமும் இது பலிக்காது. அது புல் குடும்பமே இல்லை.

அடையாளம் காண்பது எளிது. பூத்தண்டைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். புல் என்றால் உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், கணு கையில் தட்டும். கோரை உருளாது, மூன்று விளிம்பும் விரலில் உறுத்தும், கணுவே இருக்காது. மண்ணைக் கிளறினால் கறுப்புக் கிழங்குகள் நூலில் கோத்த மணி போல வரிசையாக வரும். ஹாலோசல்பியூரான் என்று கோரைக்குத் தனி மருந்து இருக்கிறது. ஆனால் அது கரும்பு போன்ற பயிர்களுக்கு வந்தது. பூச்செடிகளுக்கு நடுவே அதை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கிழங்கோடு கிண்டி எடுப்பதுதான் வழி.

இதன் மறுபக்கமும் உண்டு. எலுமிச்சைப்புல், வெட்டிவேர், மூங்கில், வேலியோரக் கரும்பு, நாலு மக்காச்சோளச் செடி எல்லாம் புல் குடும்பம்தான். அவற்றின் மேல் மருந்து பட்டால் பாதிப்பு நிச்சயம். வாசலில் ஆசையாக வளர்க்கும் புல்தரைக்கும் அதே கதி. ஆனால் பார்க்கப் புல் போலிருக்கும் வெங்காயம் புல் அல்ல. குயிசலோபாப் லேபிளில் வெங்காயம் இடம்பெற்றே இருக்கிறது. சோயா, நிலக்கடலை, பருத்தி, உளுந்தும் அதில் உண்டு. மல்லிகை, ரோஜா அதில் இல்லை. ஆகவே தோட்டம் முழுக்க ஒரே நாளில் அடிக்காமல், ஒரு மூலையில் அடித்துப் பத்து நாள் பாருங்கள். செடியின் தளிரிலும் பூவிலும் படாமல், முனையைத் தாழ்த்திப் புல்லின் மேல் மட்டும் தெளியுங்கள். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், அங்கே கைக்களைதான்.

அளவு விஷயத்தில் மூடிக் கணக்கு கூடாது. ஏக்கருக்கு 400 மில்லி என்றால் ஒரு சென்ட்டுக்கு 4 மில்லிதான், 2 லிட்டர் தண்ணீர் போதும். மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்கி, இதற்கு மட்டும் என்று எழுதி வையுங்கள். கூட ஊற்றினால் சீக்கிரம் சாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியெல்லாம் ஆகாது, பக்கத்துச் செடியின் இலை கருகுவதுதான் மிச்சம். ஒரே வேலையாக முடியட்டும் என்று 2,4-டியையும் இதோடு கலப்பது இன்னொரு தவறு. பூச்செடிக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம், புல்லைக் கொல்லும் சக்தியும் குறைந்துபோகும்.

அப்புறம், நேரம். வெயிலில் வாடிச் சுருண்ட புல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது. தண்ணீர் பாய்ச்சி, இரண்டு மூன்று நாள் கழித்து, காற்றில்லாத காலையில் அடிக்க வேண்டும். விதையில் முளைக்கும் புல் என்றால் இரண்டு முதல் நான்கு இலைப் பருவம் நல்லது. அருகுக்கு எதிலும் அவசரம் கூடாது. சிலர் நன்றாகச் செதுக்கிவிட்டு மறுநாளே மருந்து அடிக்கிறார்கள். இலையே இல்லாத இடத்தில் மருந்து எதன் வழியாக உள்ளே போகும்? செதுக்கியிருந்தால் புதுத் துளிர் ஒரு சாண் வரட்டும். ஒரே தெளிப்பில் அருகு ஒழியாது, மீண்டும் துளிர்க்கும்போது இன்னொரு முறை தேவைப்படும்.

அடித்து மூன்று நாளாகியும் புல் பச்சையாகவே நிற்கும். இங்கே பொறுமை இழந்துதான் பலர் திரும்ப அடிக்கிறார்கள், அல்லது பிடுங்கிவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் குனிந்து நடுக்குருத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வெண்ணெயில் செருகிய குச்சி போலக் கையோடு வந்துவிடும். அடிநுனி பழுப்பாக அழுகியிருக்கும். வெளி இலை பச்சையாக இருந்தாலும் புல் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முழுக்கக் காய இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் ஆகும்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 2,4-டி அடித்த டேங்கை லேசாக அலசிவிட்டுத் தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தால், ஒட்டியிருக்கும் மிச்சமே இலையை முறுக்கிவிடப் போதும். அலசிய தண்ணீரை மீன் இருக்கும் தொட்டியிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். மீனுக்குக் குயிசலோபாப் நஞ்சு. மீந்ததைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மருந்து அடித்த இடத்தில் ஆடு மாடு மேயக்கூடாது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அருகம்புல் சாறு குடிக்கிறவர்களும், பிள்ளையாருக்கு மாலை கட்டப் பக்கத்து வீட்டிலிருந்து வந்து பறிக்கிறவர்களும் நினைவுக்கு வருவதில்லை. நாங்கள் துளசி மாடத்துக்குப் பின்னால் ஒரு முழ இடத்து அருகை மருந்து படாமல் விட்டிருக்கிறோம். சுற்றிலும் செங்கல் பதித்து, தண்டு வெளியே ஓடாமல் மாதம் ஒருமுறை வெட்டிவிடுகிறோம். சதுர்த்திக்கு யார் கேட்டாலும் பறிக்கக் காட்டுவது அந்த இடத்தைத்தான்.