உதவித்தொகை உங்கள் கணக்கில் விழ

அரூர், பென்னாகரம் பக்கத்து மாணவர்கள் முதலில் வாங்க வேண்டியது வருமானச் சான்று. எஸ்சி, எஸ்டி போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்பு) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்த பிறகே சான்று வரும். ஓராண்டுதான் செல்லும், அட்மிஷனுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பலருக்குப் பணம் நிற்பது வங்கியில்தான். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் போதாது. அரசுப் பணம் வரும்படி என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) இணைப்பும் வேண்டும். கிளையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஓசூரில் பகுதிநேர வேலைக்காக வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரை அங்கே இணைத்தால், தொகை அந்தக் கணக்குக்கே போய்விடும். பழையதில் தேடி அலையாதீர்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 தனியாக உண்டு. கல்லூரி வழியாகவே விண்ணப்பியுங்கள்.