ஸ்பிரிங் ரிவெர்ப் மீண்ட விதம்: என் அனுபவம்

என் வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ஒலி கணீரென்று வந்தது. ரிவெர்ப் (ஒலி எதிரொலிபோல நீண்டு கேட்கும் விளைவு) மட்டும் அறவே இல்லை. ரிவெர்ப் குமிழை ஏற்றி, அடியில் இருக்கும், ஸ்பிரிங்குகளின் அதிர்வால் அந்த விளைவைத் தரும் ஸ்பிரிங் பெட்டியை லேசாகத் தட்டினேன். ஸ்பீக்கர் இடியாய் முழங்கியது. ஆக, ஒலியைத் திரும்ப எடுக்கும் பக்கம் நலம். கோளாறு சிக்னலை உள்ளே அனுப்பும் பக்கத்தில்தான். எந்தக் கருவியும் கேட்காத அருமையான சோதனை இது.

மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைக் கழற்றி, சிக்னலை வாங்கி ஸ்பிரிங்குகளை அதிர வைக்கும் உள்ளீட்டு காயிலை (கம்பிச் சுருளை) மல்டிமீட்டரால் அளந்தேன். 8 ஓம் என்பது ஒலி சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு (இம்பீடன்ஸ்); அந்த வகையில் மீட்டர் அளக்கும் நேர்மின் தடை 1 ஓமை ஒட்டி வர வேண்டும். மீட்டரில் தொடர்பே காட்டவில்லை. காயிலிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி, பற்றவைத்த இடத்திலேயே அறுந்திருந்தது. மீண்டும் பற்றவைக்கும்போது சற்றுத் தொய்வு விட்டேன். பெட்டிக்குள் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் உள்தட்டு தொங்கியபடி ஆடுவதால், இழுத்துக் கட்டிய கம்பி மறுபடி அறுந்துவிடும்.

கேபிள்களை மாட்டி கிட்டாரில் ஒரு கார்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) மீட்டினேன். ரிவெர்ப் நீண்டு ஒலித்தது.