பழம்பொரி தின்று முடித்த பருமன் ஒழிப்புக் கூட்டம்

உடல் பருமனைக் குறைக்க ஊர் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பேச, கல்குளம் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுய உதவிக் குழு, கோயில் கமிட்டி, பங்குப் பேரவை எல்லாரும் வந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி), இனிப்புத் தூக்கலாய் ஒரு சாயா. யாரும் சிரிக்கவில்லை.

குமரி மாவட்டத்தில் இப்படிக் கூட்டு முயற்சி தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அடுத்த வீட்டு அடுப்பைத் திருத்தப் போவார்கள். தங்கள் கையிலிருக்கும் அடுப்பை மறந்துவிடுவார்கள். கோயில் கொடை விழா, ஆலயத்து அசன விருந்து, ஆண்டுவிழா எல்லாம் கமிட்டிகளின் பந்திதானே? சுண்டல், மட்டிப்பழம், சர்க்கரை போடாத கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) என்று அங்கே மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம். அதை விட்டுவிட்டு, "தேங்காயையும் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) நிறுத்துங்கள்" என்று மேடையேறினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. மரச்சீனியும் சாளை மீன் கறியும் நேற்று வந்தவை அல்ல. அதைச் செரிக்க வைத்த வயல் வேலைதான் போய்விட்டது. தட்டில் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

நேரம் இன்னொரு தொல்லை. ரப்பர் பால்வெட்டுக்காரர் விடியுமுன் தோட்டத்துக்குப் போனால், பாலெடுத்து முடியப் பகலாகிவிடும். அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) பெண்கள் திரும்ப மாலையாகும். கடலோர ஊர்களில் ஞாயிறுதான் ஆள் கிடைக்கும், அதுவும் பூசை முடிந்த பிறகு. காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் ஓய்வுபெற்ற வாத்தியார் சார்மார்தான் வருவார்கள். இடமும் அப்படித்தான். கோயில் மண்டபத்திலோ ஆலய வளாகத்திலோ மட்டுமே கூடினால் பாதி ஊர் ஒதுங்கிக்கொள்ளும். நூலகமோ பள்ளிக்கூடமோ நல்லது.

பெண்களை மட்டும் அழைப்பதும் தவறுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உடல் எடைக் குறியீடு (BMI: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 25-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள், 15–49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அறிவுரை முழுவதும் அம்மாக்களுக்கு.

அளவுகோலையும் சரியாகப் பிடிக்க வேண்டும். இந்தியர்களுக்கு 23-லேயே எடை கூடுதல், 25-ல் பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். 150 செ.மீ. உயரமும் 57 கிலோவும் உள்ள ஒரு அக்காவுக்குக் குறியீடு 25-ஐத் தாண்டிவிடும். 30 என்ற உலக அளவை வைத்துப் பார்த்தால் "ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிடுவோம். இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. எடையை மைக்கில் வாசிக்க வேண்டாம். ஒரு பெண்ணின் எடையை அப்படி வாசித்ததை நான் கண்முன் பார்த்தேன், அந்தப் பெண் அதன்பிறகு வரவேயில்லை.

"தினமும் நடங்கள்" என்பது சுலபம். எங்கே நடப்பது? நடைபாதையில்லாத வளைவுச் சாலை, டிப்பர் லாரி, தெருநாய். பள்ளி மைதானத்தின் கேட்டை மாலை இரண்டு மணி நேரம் திறந்துவைக்கச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் போடலாம். பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கவுன்சிலரைத்தான் பிடிக்க வேண்டும்.