ஹாஃப் டியூப்ளெக்ஸ் ஆர்எஸ்-485 ட்ரான்ஸீவர் சிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தொழிற்சாலைகளில் சென்சார்களையும் மோட்டார் டிரைவ்களையும் எனர்ஜி மீட்டர்களையும் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைக்க இன்றும் பெருமளவில் பயன்படுவது ஆர்எஸ்-485 தொடர் பஸ். முறுக்கிய இரண்டு கம்பிகளின் வழியே ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும் பேச, மற்றவை கேட்டுக்கொண்டிருக்கும் முறையே ஹாஃப் டியூப்ளெக்ஸ். இதில் மைக்ரோகன்ட்ரோலருக்கும் கேபிளுக்கும் நடுவில் இருந்து சிக்னலை அனுப்பவும் பெறவும் செய்வது பெரும்பாலும் எட்டுக் கால்களே கொண்ட ட்ரான்ஸீவர் சிப் ஆகும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலுள்ள வேகத்தை மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று புதியவர்களை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வு கேபிளிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: கேபிளை வரைந்துகொள்ளுங்கள்

பஸ்ஸின் மொத்த நீளம், கருவிகளின் எண்ணிக்கை, முதன்மைக் கேபிளிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் பிரியும் கிளையின் நீளம், எந்தக் கருவி எந்த பவர் சப்ளையில் இயங்குகிறது என்ற நான்கையும் ஒரு தாளில் குறியுங்கள். கேபிள் நட்சத்திர வடிவில் பிரியாமல் ஒரே கோடாகச் செல்ல வேண்டும். அதன் இரு முனைகளில் மட்டும், சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேஷன் மின்தடை இருக்க வேண்டும்.

படி 2: தேவைக்குப் போதுமான வேகத்தில் நிறுத்துங்கள்

ஏறத்தாழ 1200 மீட்டர் வரை செல்லும் பஸ்ஸில் நொடிக்கு 100 கிலோபிட் அளவே நம்பகமாகச் செல்லும். இந்த பஸ்ஸில் கருவிகள் பேசிக்கொள்ளும் பரவலான நெறிமுறையான மோட்பஸ் ஆர்டியூவில் பெரும்பாலும் 9600 அல்லது 19200 பாட் (இங்கே நொடிக்கு இத்தனை பிட்) வேகமே பயன்படுவதால், 250 கிலோபிட் சிப் அதற்குத் தாராளமாகப் போதும். வேகமான சிப்பை வாங்கி மெதுவாக ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். நீங்கள் பாட் வேகத்தைக் குறைத்தாலும், சிப் வெளியிடும் சிக்னல் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவும் நேரம் மாறுவதில்லை; அந்தத் தாவல் எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கிளைகளின் முனையிலிருந்து சிக்னல் எதிரொலித்துத் திரும்பி அலைவடிவத்தைக் கெடுக்கும்.

இதைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு: கிளையைக் கடக்க சிக்னலுக்கு ஆகும் நேரம், தாவல் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். கேபிளில் சிக்னல் ஒரு நானோ விநாடியில் சுமார் 20 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே தாவல் நேரம் 10 நானோ விநாடியாக உள்ள சிப்புக்குக் கிளை 20 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 500 நானோ விநாடி எடுத்துக்கொள்ளும் சிப்புக்கோ 10 மீட்டர் வரை இடம் கிடைக்கிறது. மேக்ஸ்485, மேக்ஸ்487 ஆகிய இரண்டு சிப்களும் ஒரே கால் அமைப்பைக் கொண்டவை; முன்னது 2.5 மெகாபிட் வரை செல்லும், பின்னது தாவலை வேண்டுமென்றே மெதுவாக்கி 250 கிலோபிட்டில் நின்றுவிடும். நீண்ட கேபிளுக்கு நான் பின்னதையே பரிந்துரைப்பேன்.

படி 3: மின்னழுத்தத்தைப் பொருத்துங்கள்

மைக்ரோகன்ட்ரோலர் 3.3 வோல்ட்டில் இயங்கினால், மேக்ஸ்3485 அல்லது எஸ்என்65எச்விடி72 போன்ற 3.3 வோல்ட் சிப்பைத் தேர்ந்தெடுங்கள்; முன்னது 10 மெகாபிட், பின்னது 250 கிலோபிட் வகை. 5 வோல்ட் சிப்பின் வெளியீடு, அதைத் தாங்காத கால்களைச் சேதப்படுத்தும். ஒரே பஸ்ஸில் இரு வகைச் சிப்களும் சேர்ந்து இயங்குவதில் தடையில்லை.

படி 4: சுமையைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு சிப்பும் பஸ்ஸிலிருந்து சிறிது மின்னோட்டத்தை இழுக்கிறது; அதை அளக்கும் அளவே அலகுச் சுமை. தரநிலைப்படி ஒரு பஸ்ஸில் 32 அலகுச் சுமைகள் வரை இணைக்கலாம். எட்டில் ஒரு பங்குச் சுமை கொண்ட சிப் என்றால் அதே பஸ்ஸில் 256 கருவிகள் இருக்கலாம்.

யாரும் பேசாத வேளையில் கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்குவதையும் கவனிக்க வேண்டும். பழைய சிப்களின் ரிசீவர், 200 மில்லிவோல்ட்டுக்கும் மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்கும் இடையில் எதை வெளியிடும் என்பதற்கு உறுதி இல்லாததால், வராத எழுத்துகள் வந்ததுபோல் தோன்றும். அதைத் தடுக்க 5 வோல்ட் பஸ்ஸில் ஒரு கம்பியை சப்ளைக்கும் மற்றதைக் கிரவுண்டுக்கும் இழுக்கும் சுமார் 680 ஓம் பயாஸ் மின்தடைகளை ஓரிடத்தில் மட்டும் சேர்ப்பார்கள். ஆனால் அவையே பஸ்ஸுக்குக் கணிசமான சுமையாகிவிடும். மைனஸ் 50 மில்லிவோல்ட்டிலேயே முடிவெடுத்துவிடும் ஃபெயில்சேஃப் ரிசீவர் கொண்ட சிப்பை எல்லாக் கருவிகளிலும் பயன்படுத்தினால், பெரும்பாலும் இந்த மின்தடைகளே தேவைப்படாது.

படி 5: பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம்

இரண்டு பேனல்களின் கிரவுண்டுகள் ஒரே அளவில் இருப்பதில்லை, பெரிய மோட்டார்கள் ஓடும் இடத்தில் இந்த வேறுபாடு மேலும் கூடும். சிப் கையாள வேண்டிய பொது மின்னழுத்த எல்லை, அதாவது அதன் கிரவுண்டைப் பொறுத்து இரண்டு கம்பிகளும் இருக்கக்கூடிய மின்னழுத்தம், மைனஸ் 7 முதல் 12 வோல்ட் வரை மட்டுமே. ஆகவே கருவிகள் வெவ்வேறு கட்டடங்களிலோ வெவ்வேறு சப்ளைகளிலோ இருந்தால், பஸ் பக்கத்தையும் மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்தையும் நேரடி மின் இணைப்பின்றிப் பிரிக்கும், தனிமைப்படுத்தப்பட்ட சிப்புக்குச் செல்லுங்கள். ஏடிஎம்2483 வகைக்குத் தனிமைப்படுத்திய சப்ளையை நீங்களே தர வேண்டும். ஏடிஎம்2587இ வகையில் அதுவும் உள்ளேயே இருக்கிறது. எந்த வகையானாலும் இரண்டு கம்பிகளுடன், பஸ் பக்கக் கிரவுண்டுகளை இணைக்கும் பொதுக் கம்பி ஒன்றையும் கேபிளில் கொண்டுசெல்லுங்கள்.

பேனல்களில் 24 வோல்ட் டெர்மினல், பஸ் டெர்மினலுக்கு அருகிலேயே இருப்பது வழக்கம். அது தவறுதலாக பஸ்ஸில் இணைக்கப்பட்டால், 12.5 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் மேக்ஸ்485 எரிந்துபோக வாய்ப்புண்டு; 60 வோல்ட் வரை தாங்கும் எல்டிசி2862 தப்பிக்கும். இவற்றோடு, திடீர் மின்னழுத்த எழுச்சியை உறிஞ்சிக்கொள்ளும், இந்த பஸ்ஸுக்கென்றே உள்ள எஸ்எம்712 டிவிஎஸ் டையோடையும் கனெக்டருக்கு அருகில் வையுங்கள்.

படி 6: திசைக் காலைக் கவனியுங்கள்

அனுப்புவதற்கான டிஇ காலையும் பெறுவதற்கான ஆர்இ காலையும் சேர்த்து மைக்ரோகன்ட்ரோலரின் ஒரே முனையால் கட்டுப்படுத்தலாம். ஒன்று உயர்நிலையிலும் மற்றொன்று தாழ்நிலையிலும் இயங்குவதால் இது சாத்தியமாகிறது. மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் வரை சிப் பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளாதிருக்க, அந்த முனையைக் கிரவுண்டுக்கு இழுக்கும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேருங்கள். கடைசி பிட் முழுவதும் வெளியேறிய பிறகே திசையை மாற்றும்படி நிரலை எழுதுங்கள். அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளை வைத்திருக்கும் பஃபர் காலியானவுடன் மாற்றினால் இறுதி எழுத்து அறுபடும்.

பல நிறுவனங்களின் எட்டுக் கால் சிப்கள் ஒரே கால் அமைப்பில் வருவதால், ஒன்று கிடைக்காதபோது மற்றொன்றைப் பொருத்த முடியும். அப்போதும் வேகம், தாவல் நேரம், சுமை, ஃபெயில்சேஃப் ஆகிய நான்கையும் புதிய டேட்டாஷீட்டில் மறுபடி பாருங்கள். கருவிகளின் டெர்மினலில் ஏ, பி என்ற குறிகளைச் சில நிறுவனங்கள் மாற்றி அச்சிடுவதால், தகவல் வராத பஸ்ஸில் சிப்பைக் கழற்றும் முன் அந்த இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்.