அலுமினியத் தகட்டில் வெல்டிங் ஓரம் விட்ட விரிசலைச் சரிசெய்யும் முறை

நாமக்கல், சங்ககிரி, கரூர் வட்டாரத்துப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு அலுமினிய டேங்கரோ டிப்பரோ விரிசலோடு வந்தால், அந்த விரிசலின் மேலேயே இன்னொரு அடுக்கு வெல்டிங் போட்டு அனுப்பக் கூடாது. உள்ளே மூடப்பட்ட விரிசல் மீண்டும் திறந்தே தீரும். இதற்குக் காரணம் உலோக அயர்வு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையாலும் அதிர்வாலும் உலோகம் மெல்லப் பிளப்பது. எந்த அளவுக்குக் கீழான அதிர்வும் கேடு செய்யாது என்று சொல்லத்தக்க தெளிவான வரம்பு அலுமினியத்துக்கு இல்லாததால், சிறு குலுக்கல்களும் சேர்ந்துகொண்டே போய், பெரும்பாலும் வெல்டிங்கும் தகடும் சேரும் விளிம்பில் பிளவைத் தொடங்கி வைக்கின்றன. பற்றை (வெல்டிங் உருகி உறைந்த வரியை)த் தடிப்பாகப் போட்டால் அந்த விளிம்பு இன்னும் செங்குத்தாகி நிலைமை மோசமாகும். வலிமை கூடிய கலவைக்கு மாறுவதும் பெரிதாக உதவாது: 6061-டி6 என்ற சூடாக்கிப் பதப்படுத்திய அலுமினியக் கலவைத் தகட்டின் இழுவிசை வலிமை ஏறத்தாழ 310 மெகாபாஸ்கல் என்றாலும், வெல்டிங் சூடுபட்ட பகுதியில் அது 165 அளவுக்கு இறங்கிவிடுகிறது, இணைப்பின் அயர்வு ஆயுளையோ கலவையைவிட அதன் வடிவமே தீர்மானிக்கிறது.

எரிபொருள் டேங்கரானால், முழுவதும் காலிசெய்து நீராவியால் கழுவி, வாயு அளவு சோதிக்கப்படும்வரை தீப்பொறியே கூடாது. பிறகு விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் சாயத் திரவச் சோதனையால் விரிசலின் இரு முனைகளையும் கண்டறிந்து, முனைக்குச் சற்று அப்பால் சிறு துளையிட்டு, கார்பைடு பர்ரால் (சுழன்று உலோகத்தைச் சீவும் கடினமான வெட்டுமுனையால்) விரிசல் முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டும். சாதாரண அரைக்கல் மென்மையான உலோகத்தை இழுத்துப் பிளவை மறைத்துவிடும். தோண்டியபின் மறுபடி சோதித்து, சாயத்தை அசிட்டோனால் முற்றிலும் நீக்க வேண்டும்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். மேலுள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே அலுமினியத்துக்கு மட்டுமே வைத்திருக்கும் எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்தபின், ஏசி மின்சாரத்தில் ஆர்கான் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு மறைப்பில் டங்ஸ்டன் முனையால் செய்யும் வெல்டிங்) செய்யலாம். 6061 தகட்டுக்கு 4043 அல்லது 5356 எண் நிரப்புக் கம்பி பொருந்தும். மக்னீசியம் கூடிய 5083 கலவைத் தகட்டுக்கு 5356 அல்லது 5183 போடலாம், 4043 கூடாது, ஏனெனில் 4043 அதில் நொறுங்கும் சேர்மத்தை உண்டாக்கும். 5083 தகட்டை முன்கூட்டியே 120 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் நுண்துளைகளை உண்டாக்கும் என்பதால் தகடும் கம்பியும் உலர்ந்திருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் திறந்த கொட்டகையில் வேலை செய்தால் ஆர்கான் கலைந்து போகும். தட்டி கட்டி மறைக்காமல் தொடங்கவே கூடாது.

இறுதியாக விளிம்பை வழவழப்பாகச் சரிவாக்குங்கள். தேய்த்த கோடுகள் சுமை இழுக்கும் திசையிலேயே ஓட வேண்டும். மேலே ஒட்டுத்தகடு வைத்தால் அதன் குறுக்குப் பற்றே அடுத்த விரிசலின் இடமாகும். அதைவிட, தகட்டை அசையவிடாமல் பிடித்திருக்கும் பிராக்கெட்டை மாற்றுவது மேல். வண்டி சில நடை சுமையோடு ஓடியபின், அதே இடத்தையும் மறுபக்கத்து இணை இடத்தையும் சாயத் திரவத்தால் சோதிக்க வேண்டும்.